மூன்று வாரம் வாய் திறக்கக் கூடாது

தொண்டைக்குள் விட்ட குழாயை வெளியே எடுத்துவிட்டு டாக்டரம்மா திரையைத் திருப்பிக் காட்டினார். இளஞ்சிவப்பாக இரண்டு மடிப்பு. இரண்டின் ஓரத்திலும் நொய்யரிசி அளவுக்கு ஒரு வெள்ளைப் புடைப்பு.

"காய்ப்பு காய்ச்சிருக்கும்மா. மண்வெட்டி பிடிச்சா கைல காய்க்குமே, அதே மாதிரி. என்ன வேலை பாக்குறீங்க?"

"பஸ் ஸ்டாண்டுல அறிவிப்பு சொல்றேன். இருபத்திரண்டு வருஷமா." குரல் பாதியில் உடைந்து காற்றாகப் போனது.

"அப்ப நாள் பூரா கத்துறீங்க."

"இல்லீங்க. மைக்ல யாரும் கத்த மாட்டாங்க. கத்தினா பேச்சே கிழிஞ்சு போயிரும். நிதானமா, சின்னச் சின்ன வாக்கியமா, நடுநடுவுல மூச்சு விட்டுச் சொல்லணும்."

"பின்ன எங்க கத்துறீங்க?"

அவள் பக்கத்தில் திரும்பிப் பார்த்தாள். பக்கத்து நாற்காலியில் அவளுடைய வீட்டுக்காரர், சுவரில் மாட்டியிருந்த தொண்டைப் படத்தை ரொம்பச் சிரத்தையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் படத்தில் என்ன எழுதியிருந்தாலும் அதைப் படித்து முடிக்காமல் எழுந்திருக்க மாட்டார். காதால் வராததையெல்லாம் கண்ணால் வாங்கிக்கொள்கிற பழக்கம்.

டாக்டரம்மா அவரிடம் ஏதோ கேட்டார். அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் வழக்கம்போல அவர் தோளைத் தட்டி, காதருகே போய், அடிவயிற்றிலிருந்து ஒரு குரல் எடுத்தாள். "கூட வந்தவரான்னு கேக்குறாங்க!" வெளியே வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் கதவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"சரி, புரிஞ்சுது," என்றார் டாக்டரம்மா, பேனாவை மூடிக்கொண்டே.

தீர்ப்பு இதுதான். மூன்று வாரம் ஒரு வார்த்தை பேசக் கூடாது. கிசுகிசுக்கவும் கூடாது, அது கத்துவதைவிடக் கெடுதல். காற்று விடாமல் வெறுமே வாயசைத்தால் பரவாயில்லை. மூன்று வாரத்தில் காய்ப்பு வடிந்தால் தப்பித்தாள். வடியாவிட்டால் வெட்டி எடுக்க வேண்டும். வெட்டிய பிறகு பேச்சு வரும், ஆனால் மைக்குக்கு ஆகிற குரல் வருமா என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

இதைக் கேட்டுவிட்டு அவள் அழுதிருக்க வேண்டும். நியாயமாகப் பார்த்தால் அதுதான் முறை. ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், மாடிப்படி இறங்கும்போது அவளுக்கு முதலில் வந்தது சந்தோஷம். மூன்று வாரம் இந்த மனுஷனிடம் கத்த வேண்டாம். டாக்டரே எழுதிக் கொடுத்திருக்கிறார். லீவு விட்ட பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி அவள் அந்தச் சீட்டை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

பஸ் ஸ்டாண்டில் அவளுக்கு மைக்கக்கா என்று பேர். டிரைவர், கண்டக்டர், செருப்புத் தைப்பவர் எல்லோருக்கும் மைக்கக்காதான். சொந்தப் பேர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. நாலடிக்கு ஆறடியில் ஒரு கண்ணாடி அறை, ஒரு நாற்காலி, ஒரு மின்விசிறி. அதற்குள் உட்கார்ந்து அவள் குரல் கொடுத்தால், மூட்டை முடிச்சோடு தடுமாறுகிற கூட்டம் சட்டென்று சரியான பிளாட்பாரத்தைப் பார்த்துத் திரும்பும். அழகி என்று அவளை யாரும் சொன்னதில்லை. சமையலைப் பாராட்டியதும் இல்லை. குரலைத்தான் சொன்னார்கள். அவளுக்கென்று இருந்தது அது ஒன்று.

டைம் கீப்பர் சீட்டைப் படித்துவிட்டு மோவாயைச் சொறிந்தார். நல்லவர்தான், ஆனால் புதுச் சாமான் எதைக் கண்டாலும் வாங்கி மாட்டிவிடுகிற ஆசை உள்ளவர்.

"பதிவு பண்ணின குரல் ஒண்ணு வந்திருக்குக்கா. பட்டனைத் தட்டினா போதும், அதுவே சொல்லிரும். மூணு வாரம் அதை ஓட்டிப் பாக்குறேன். நீங்க பழைய குரலோட வந்தா உங்க நாற்காலி உங்களுக்கு. இல்லேன்னா பார்சல் செக்ஷன்ல ஒரு இடம் போட்டுத் தர்றேன். ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்க."

பார்சல் செக்ஷன் என்பது ஜன்னல் இல்லாத அறை. சணல் கயிறும் தூசியும். மைக்கக்கா தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்தாள். அன்றைக்கே வாயை மூடியாயிற்று.

வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பஸ்ஸுக்கு உடம்பு கட்டுகிற பட்டறையில் இருபத்தேழு வருஷம் தகரம் அடித்தவர். பஸ்ஸுக்கு உடம்பு செய்தது அவர், பேர் சொல்லிக் கூப்பிட்டது இவள், நல்ல ஜோடிதான் என்று கல்யாணத்தில் கேலி பேசினார்கள். பட்டறையில் ஒரே நேரத்தில் பன்னிரண்டு பேர் அடிப்பார்கள். காதில் பஞ்சு வைத்தால் பயந்தாங்கொள்ளி என்று சிரிப்பார்கள். சிரித்தவர்களும் சிரிப்புக்குப் பயந்தவர்களுமாகப் பன்னிரண்டு பேருக்கும் காது போயிற்று. இவருக்கு ஆறு வருஷத்துக்கு முன்னால் அடியோடு போனது.

காது டாக்டரிடம் போன அன்று இவளுக்கு டியூட்டி. பட்டறைக் கூட்டாளி ஒருவர் துணைக்குப் போனார். அவரும் அதே தகரத்தை அடித்தவர். டாக்டர் சொன்னது இரண்டு பேர் காதிலும் விழுந்திருக்காது என்று இவள் தலையில் அடித்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்து சேர்ந்த செய்தி இவ்வளவுதான்: செவிப்பறை புதுசு மாதிரி இருக்கிறது, உள்ளே நரம்பு செத்துவிட்டது, செத்த நரம்பு திரும்ப வராது. காதுக்கு ஒரு மெஷின் வாங்கினார்கள். நாலு மாதம் மாட்டிப் பார்த்தார். "சத்தம் வருது, பேச்சு வரல," என்று கழற்றி அலமாரியில் வைத்துவிட்டார்.

அன்றிலிருந்து அவள்தான் மெஷின். காலிங் பெல் அடித்தால் அவள். போன் வந்தால் அவள். மகள் போனில் பேசுவதை வாக்கியம் வாக்கியமாக வாங்கி இவர் காதில் கத்த வேண்டும், இவர் பதிலை மகளுக்குச் சொல்ல வேண்டும். கடையில், பேங்கில், பஸ்ஸில், சொந்தக்காரர் வீட்டில், எங்கே போனாலும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பேச வேண்டும். ஒன்றை மூன்று தடவை சொல்ல வேண்டும். மூன்றாவது தடவை எரிச்சல் வந்துவிடும். எரிச்சல் வந்தால் அவர் முகம் சுருங்கிவிடும். அதைப் பார்த்தால் இவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும். எதிர்வீட்டம்மா காய்கறி வாங்கும்போது, "நேத்து உங்க வீட்டுல பால் பொங்கி ஊத்திருச்சாமே," என்று விசாரிப்பார். தெருவுக்கே தெரிந்த விஷயத்தை வீட்டுக்குள் இருக்கிற ஒருவருக்குப் புரியவைக்க உயிர் போய்விடும்.

ராத்திரி படுக்கப் போகும்போது தாடை வலிக்கும். பேசிப் பேசித் தாடை வலிக்குமா என்று கேட்பவர்கள் ஒரு வாரம் வந்து இருந்து பார்க்கலாம்.

ஆக, லீவு ஆரம்பமானது. மகள் கடையில் சொல்லி ஒரு வெள்ளைப் பலகையும் பேனாவும் அனுப்பியிருந்தாள். முதல் நாள் மைக்கக்கா அதில் பெரிதாக எழுதி மேஜையில் நிறுத்தினாள்: "மூணு வாரம் நான் பேசக் கூடாது. அவசரம்னா மட்டும் எழுதுவேன்." அவர் படித்துவிட்டு, "சரி," என்றார். ரொம்ப லேசாகச் சொன்னார். அவளுக்குச் சுருக்கென்றது. தனக்கு லீவு விட்டால் இந்த மனுஷன் திண்டாடிப் போவார் என்று மனசுக்குள் ஒரு கணக்கு இருந்தது போல.

அவர் திண்டாடவில்லை. அதுதான் வினோதம்.

இரண்டாம் நாள், பலகையைத் தேட அலுப்பாக இருந்து, அவள் அவர் எதிரில் நின்று சும்மா வாயசைத்தாள். சத்தம் வராத பேச்சை வேகமாகப் பேச முடியவில்லை. மைக்கில் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்தித்தான் வந்தது. "கேஸ். தீந்து போச்சு. போன் பண்ணணும்."

"நான் நேர்லயே போய்ச் சொல்லிட்டு வந்துர்றேன்," என்று சட்டையை மாட்டினார்.

முதல் தடவையிலேயே. "என்ன?" இல்லை, காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொள்வது இல்லை. தற்செயல் என்று விட்டுவிட்டாள். மூன்றாம் நாள், நான்காம் நாள், அப்படியே. பத்துக்கு ஏழு பழுதில்லாமல் பிடித்தார். பிடிக்காத மூன்றுக்குப் பலகையை எடுத்து நீட்டினார். வீட்டில் சண்டை இல்லை. எதிர்வீட்டம்மா வந்து, "ஊருக்குப் போயிருந்தீங்களா?" என்று கேட்டார்.

ஐந்தாம் நாள் அவளுக்குச் சந்தேகம் தட்டியது. இந்த ஆளுக்குக் காது கேட்கிறதா? ஆறு வருஷமாக நாடகமாடிக்கொண்டு வேடிக்கை பார்த்தாரா? அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது, அவர் நாற்காலிக்குப் பின்னால் போனை வைத்து, மகளுக்கு எழுதி அனுப்பி அடிக்கச் சொன்னாள். மணி கீச்சுக்கீச்சென்று பதினெட்டுத் தடவை அடித்தது. அவர் நிதானமாகப் பக்கம் திருப்பினார். விளையாட்டுச் செய்தியைப் படித்துவிட்டு ராசிபலனுக்குப் போனார். மைக்கக்காவுக்கு வெட்கமாகிவிட்டது. பாவம், நாடகமெல்லாம் இல்லை, காது போனது போனதுதான். அப்படியானால் இது என்ன?

விடை பதினேழாம் நாள் வந்தது, அவளுடைய தம்பி ரூபத்தில்.

தம்பி நல்ல பிள்ளை. வீடு மாறப்போகிற செய்தி சொல்ல வந்தான். வந்ததும் மாமா பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு, காதோடு குனிந்து, தெருமுனைக்குக் கேட்கிற மாதிரி ஆரம்பித்தான். "மாமா! வீடு மாத்துறோம்! அடுத்த மாசம்!"

மற்ற நாளாக இருந்தால் அவளும் சேர்ந்து கத்தியிருப்பாள். இப்போது வாய்க்குப் பூட்டு. ஒன்றும் செய்ய முடியாமல் எதிரே உட்கார்ந்து அவள் கணவரின் முகத்தைப் பார்த்தாள். வெறுமே பார்த்துக்கொண்டிருக்க அவளுக்கு இத்தனை வருஷத்தில் நேரமே இருந்ததில்லை.

அவர் இடது கண் சுருங்கியது. கழுத்து தோளுக்குள் போனது. நாற்காலியின் கையை விரல்கள் இறுக்கிப் பிடித்தன. பிறகு உதட்டில் ஒரு மெல்லிய சிரிப்பு வந்து ஒட்டிக்கொண்டது. "ஆமா, ஆமா," என்றார்.

அந்த முகம் அவளுக்குத் தெரியும். நாள் தவறாமல் பார்த்த முகம். அலட்சியம் என்று நினைத்திருந்தாள். நீ பாட்டுக்குக் கத்து என்கிற திமிர் என்று நினைத்து, அதற்காகவே இன்னும் இரண்டு மடங்கு கத்தியிருக்கிறாள். இப்போது தம்பியின் வாய்க்கு முன்னால் அது வலிக்கிறவன் முகமாக இருந்தது. பல் பிடுங்குகிற நாற்காலியில் உட்கார்ந்தவன் முகம்.

தம்பி இன்னொரு தடவை கத்தினான். "ஆமா, ஆமா." தம்பி அக்காவைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். "ஒண்ணும் ஏறலக்கா. நீயே அப்புறம் எழுதிக் காட்டிரு." அதற்குப் பிறகு கிளம்பும்வரை மாமா பக்கம் திரும்பவே இல்லை. போனைப் பார்த்தான், அக்காவிடம் பேசினான், போய்விட்டான். அவர் அந்தச் சிரிப்பை அவன் வாசலைத் தாண்டும்வரை கழற்றாமல் வைத்திருந்தார்.

மைக்கக்கா பலகையை எடுத்தாள். "சத்தமா பேசினா உங்களுக்கு என்ன ஆகுது?"

"ஒண்ணும் ஆகல."

பலகையை அவர் மூக்குக்கு நேரே நகர்த்தினாள்.

அவர் காதைத் தொட்டுக் காட்டினார். "குத்தும்," என்றார். "மெதுவாப் பேசினா கேக்காது. சத்தமாப் பேசினா திடீர்னு உள்ள வந்து குத்தும். நடுவுல இருக்குறதுதான் செத்துப் போச்சு. தகரத்தைச் சின்னச் சுத்தியால பொறுமையாத் தட்டினா சொன்னபடி வளையும். சம்மட்டியால ஒரு போடு போட்டா கோணிப் போயிரும், அப்புறம் அது என்ன சாமான்னே தெரியாது. கத்திச் சொல்ற பேச்சு எனக்கு அப்படித்தான் வந்து விழுது. நிதானமா மூஞ்சியப் பாத்துச் சொன்னா வாயைப் பாத்துப் புரிஞ்சுக்குறேன். இப்ப நீ சொல்றியே, அந்த மாதிரி."

அவள் எழுதினாள். "காது டாக்டர் இதைச் சொல்லலியா?"

"சொன்னார். வீட்டுல இருக்குறவங்க எப்படிப் பேசணும்னு ஒரு காகிதமே குடுத்தார். கத்தாதீங்கன்னு முதல் வரி. நான்தான் உன்கிட்ட காட்டல. கிழிச்சுப் போட்டுட்டேன்."

மைக்கக்கா எழுந்து நின்றாள்.

ஆறு வருஷம். தொண்டையில் காய்ப்பு, தாடையில் வலி, கைவிட்டுப் போகப்போகிற கண்ணாடி அறை. எல்லாம் எதற்கு? இவருக்குக் குத்துவதற்கு. ஒரு காகிதம், அதில் ஒரு வரி. அடிவயிற்றிலிருந்து ஒன்று கிளம்பி மேலே வந்தது. அவளுக்கே தெரிந்தது, அது வெளியே வந்தால் எதிர்வீடு மட்டுமில்லை, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்கும். இன்னும் நாலே நாள். வாயைத் திறந்தாள். பார்சல் அறையின் தூசி கண்முன் வந்தது. வாயை மூடினாள். கையில் அகப்பட்ட குண்டானை ஓங்கித் தரையில் போடலாம் என்று தூக்கினாள், அதுவும் இந்த ஆளுக்குக் குத்தும். கோபத்தைக் காட்டக்கூட ஒரு வழியில்லாமல் ஒரு பெண்பிள்ளையை ஆண்டவன் நிறுத்தி வைப்பானா? வைப்பான். குண்டானை மெல்லக் கீழே வைத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனாள்.

தெருவை மூன்று சுற்றுச் சுற்றினாள். எதிர்வீட்டம்மா, "சர்க்கரைக்கா நடக்குறீங்க?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினாள்.

திரும்பி வந்தபோது அவர் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். பலகையைத் துடைத்து, பேனாவை அதன் மேலேயே வைத்திருந்தார். அவள் நின்றபடியே எழுதினாள். எழுத்து கோணல்மாணலாக வந்தது. "ஏன் சொல்லல?"

அவர் படித்தார். ரொம்ப நேரம் படித்தார். ஒரே ஒரு கேள்வி, அவ்வளவு நேரம் எடுக்காது.

"பட்டறைக்காரங்ககிட்ட சொன்னேன், கத்தாதீங்கன்னு. 'சரிப்பா'ன்னாங்க. அதுக்கப்புறம் பேசறதையே விட்டுட்டாங்க. பொண்ணுகிட்ட சொன்னேன். அவ எழுதி அனுப்புறேன்னா. வாரத்துக்கு ஒரு வரி வருது. நிதானமா மூஞ்சியப் பாத்துப் பேச யாருக்கும்மா நேரம் இருக்கு? கத்துறது சுலபம், நின்னுட்டுக் கத்திட்டுப் போயிரலாம். நீ ஒருத்திதான் விடாமக் கத்தினே. உன்கிட்டயும் சொல்லி, 'சரி, இனிமே பேசல, போங்க'ன்னு நீயும் விட்டுட்டேன்னு வை." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "குத்தினா குத்திட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

அவள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

நீயும் விட்டுவிடுவாய் என்று பயந்திருக்கிறார். டாக்டர் சீட்டை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு மாடிப்படி இறங்கியவள் யார்? மூன்று வாரம் விட்டது சனியன் என்று குதித்தவள் யார்? அவர் பயந்தது ஒன்றும் பைத்தியக்காரத்தனமில்லை. முதல் நாள் "சரி" என்று அவ்வளவு லேசாகச் சொன்னாரே, அப்போது அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள். நினைக்கத் தெம்பில்லை. அந்த நாலு நாளும் வீட்டில் வேலைகள் நடந்தன. அவள் வாயசைத்தாள், அவர் செய்தார். ஆனால் அந்தப் பேச்சை இரண்டு பேரும் திரும்ப எடுக்கவில்லை.

இருபத்திரண்டாம் நாள் காலை மறுபடியும் குழாய், மறுபடியும் திரை. டாக்டரம்மா இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். மைக்கக்கா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவர், இந்தத் தடவை சுவர்ப் படத்தைப் பார்க்காமல் டாக்டரம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வடிஞ்சிருச்சும்மா. வெட்ட வேண்டாம். திங்கக்கிழமையிலேர்ந்து மைக்குக்குப் போகலாம். ஆனா ஒண்ணு, இனி ஆயுசுக்கும் கத்தக் கூடாது. கத்தினா மூணே மாசத்துல திரும்ப இங்க வந்து உக்காருவீங்க, அப்ப கத்தி வெச்சே ஆகணும்." பிறகு சிரித்தார். "எங்க, ஏதாவது பேசுங்க பாப்போம். எப்பவும் சொல்ற அறிவிப்பு ஏதாவது."

அவள் அறிவிப்பு ஒன்றை மனசுக்குள் தயார் செய்துதான் வந்திருந்தாள். இருபத்திரண்டு வருஷமாகச் சொன்னது, தூக்கத்தில் கேட்டாலும் வரும். வாயைத் திறந்தபோது அது வரவில்லை.

இந்த ஆறு வருஷத்தில் பால் பொங்கியதை அவரிடம் சொல்லியிருக்கிறாள். கேஸ் தீர்ந்ததை, வாடகை ஏறியதை, மகளுக்குக் காய்ச்சல் வந்ததை, எதிர்வீட்டம்மா கோபித்துக்கொண்டதை எல்லாம் சொல்லியிருக்கிறாள். ஒன்றைச் சொன்னதில்லை. சொல்ல நினைத்து வாயெடுத்தாலும் முடிந்ததில்லை, ஏனென்றால் அதைக் கத்திச் சொல்ல முடியாது. கத்தினால் அது சண்டையாகிவிடும்.

அவள் நாற்காலியைத் திருப்பி அவருக்கு நேராக உட்கார்ந்தாள். குரல் தணிந்து, கொஞ்சம் மணலோடு, ஆனால் உடையாமல் வந்தது.

"எனக்கு ரொம்ப அசதியா இருக்குங்க."

அவர் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். கை காதுக்குப் பின்னால் போகவில்லை.

"தெரியும்," என்றார். "எனக்கும்தான்."